புதிதாக டீம் லீட் ஆனவருக்கு: ஆள் எடுப்பது, வேலை ஒப்படைப்பது, மேலிடத்தில் பேசுவது

உங்கள் கேள்வி சுருக்கமாக இது: 6 பேர் கொண்ட டீமுக்கு நீங்கள் புதிதாக லீட் ஆகியிருக்கிறீர்கள். காலியாக இருக்கும் டேட்டா அனலிஸ்ட் இடத்துக்கு ஆள் எடுக்க வேண்டும். நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் இருந்தவர்களிடம் இன்று வேலை வாங்க வேண்டும். மூன்று மாதத்தில் மேலதிகாரிகள் முன் 20 நிமிடம் பேசி, ஒரு புதிய மென்பொருளுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். இதெல்லாம் பிறவியிலேயே வர வேண்டியதா, கற்றுக்கொள்ளக் கூடியதா, எதில் தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

கற்றுக்கொள்ளக் கூடியதுதான். இந்த மூன்றிலும் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: அறைக்குள் போய் உட்கார்ந்த பிறகு யோசிக்கத் தொடங்குகிறார்கள். ஆளைப் பார்த்த பிறகு, எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். வேலையைக் கொடுத்த பிறகு, என்ன எதிர்பார்த்தோம் என்று கண்டுபிடிக்கிறார்கள். ஸ்லைடுகளைப் போட்டு முடித்த பிறகு, எதைக் கேட்க வந்தோம் என்று தேடுகிறார்கள். முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைப்பதுதான் இங்கே பாதித் திறமை. மீதிப் பாதி, எழுதியதை விட்டு விலகாமல் இருப்பது.

ஆள் எடுப்பதில் தொடங்குங்கள். தவறாகச் சொன்ன ஒரு வார்த்தையை மறுநாள் திருத்திக்கொள்ளலாம், சொதப்பிய பிரசன்டேஷனுக்கு இன்னொரு வாய்ப்புக் கேட்கலாம். தவறாக எடுத்த ஆளைச் சரிசெய்ய மாதங்கள் ஆகும், அந்த மாதங்களில் அவருடைய வேலையையும் டீமில் இருப்பவர்கள்தான் சுமப்பார்கள்.

விளம்பரம் எழுதுவதற்கு முன், வரப்போகிறவர் ஆறு மாதத்தில் எதையெல்லாம் முடித்திருந்தால் "நல்லவேளை, இவரை எடுத்தோம்" என்று நினைப்பீர்களோ, அதை மூன்று நான்கு வரிகளில் எழுதுங்கள். உதாரணமாக: மாத விற்பனை அறிக்கையை யார் உதவியும் இல்லாமல் 2 நாளில் தயாரிக்கிறார், எண்களில் பிழை இருந்தால் அறிக்கை வெளியே போவதற்கு முன்பே பிடிக்கிறார், விற்பனைப் பிரிவு குழப்பமாக ஒன்றைக் கேட்டால், என்ன வேண்டும் என்பதைக் கேள்வி கேட்டுத் தெளிவாக்கிக்கொள்கிறார். இந்த வரிகளிலிருந்துதான் பார்க்க வேண்டிய குணங்களை எடுக்க வேண்டும். மேலே உள்ளவற்றிலிருந்து கிடைப்பவை: டேட்டாவைச் சுத்தம் செய்யும் திறன், பிழையைத் தேடிப் பார்க்கும் பழக்கம், சரியான கேள்வி கேட்பது, எண்ணைச் சாதாரண மொழியில் விளக்குவது. நான்கு போதும். ஐந்துக்கு மேல் போனால் ஒரு நேர்காணலில் எதையும் ஆழமாகப் பார்க்க முடியாது.

பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "முதல் நாளே வேண்டும்" அல்லது "மூன்று மாதத்தில் சொல்லிக்கொடுக்கலாம்" என்று குறியுங்கள். உங்கள் அலுவலகம் பயன்படுத்தும் குறிப்பிட்ட மென்பொருளெல்லாம் இரண்டாவது வகை. அதை விளம்பரத்தில் கட்டாயத் தகுதியாகப் போட்டால், நல்லவர்கள் பலர் விண்ணப்பிக்காமலே போய்விடுவார்கள்.

"குறைந்தது 5 வருட அனுபவம்" என்று பழக்கத்தில் எழுதிவிடுகிறோம். வருடக் கணக்கு சொல்லும் சேதி நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. ஆள் தேர்வு முறைகளில் எது, வேலையில் சேர்ந்த பிறகு ஒருவர் எப்படிச் செய்வார் என்பதை முன்கூட்டிச் சொல்கிறது என்பதைப் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் ஷ்மிட், ஹன்டர் இருவரும் வெளியிட்டார்கள். அந்தக் கணக்கை 2022-இல் சாக்கெட் குழுவினர் திருத்தி வெளியிட்டார்கள். தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1 என்று வைத்தால், புதிய கணக்கில் கட்டமைத்த நேர்காணலுக்கு 0.42, வேலையின் மாதிரியைச் செய்து காட்டச் சொல்லும் தேர்வுக்கு 0.33, மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.19, அனுபவ வருடங்களுக்கு 0.07. எந்த முறையும் 1-க்குப் பக்கத்தில்கூட இல்லை என்பதையும் கவனியுங்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில தேர்வுகள் தவறாகத்தான் போகும். ஆனால் அரட்டை மாதிரி நடக்கும் நேர்காணலிலிருந்து கட்டமைத்த நேர்காணலுக்கு மாறினால் கிடைக்கும் லாபம் பெரியது, கூடுதல் செலவோ ஒரு மதிய நேரத் தயாரிப்புதான்.

கட்டமைத்த நேர்காணல் என்றால் பயமுறுத்தும் பொருள் ஏதும் இல்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, பதிலுக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று முன்பே எழுதிய அளவுகோல். அவ்வளவுதான். இதில் மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அளவுகோல் இல்லாமல் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொன்னால், பிடித்தவருக்கு 4, பிடிக்காதவருக்கு 2 என்றுதான் விழும்.

ஒரு கேள்வியை முழுதாகக் காட்டுகிறேன். "நீங்கள் அனுப்பிய ஒரு அறிக்கையில் தவறு இருந்தது என்று பிறகு தெரியவந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள். எப்படித் தெரிந்தது, என்ன செய்தீர்கள்?" இதற்கு 1 மதிப்பெண்: அப்படி நடந்ததே இல்லை என்கிறார், அல்லது முழுப் பழியையும் மற்றவர்மேல் போடுகிறார். 3 மதிப்பெண்: தவறை ஒப்புக்கொண்டார், திருத்தி மறுபடி அனுப்பினார். 5 மதிப்பெண்: அந்த எண்ணை வைத்து யாராவது முடிவு எடுத்துவிட்டார்களா என்று தேடிப்போய்ச் சொன்னார், அதே பிழை மறுபடி வராமலிருக்கச் சரிபார்க்கும் வழி ஒன்றை உருவாக்கினார், அது என்ன வழி என்று விளக்கவும் முடிகிறது. 2-உம் 4-உம் இடைப்பட்டவை. இப்படி ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு கேள்வி தயார் செய்யுங்கள். புதிதாகப் படித்து முடித்து வருகிறவரிடம் அனுபவம் இருக்காது. அவரிடம் "இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று அதே விஷயத்தைக் கேட்கலாம். ஆனால் ஒரே இடத்துக்கு வருகிற எல்லோருக்கும் ஒரே வடிவம்தான் இருக்க வேண்டும்.

60 நிமிடத்தைப் பிரிக்கும் விதம்: முதல் 5 நிமிடம் அறிமுகம், வேலையைப் பற்றி இரண்டு வாக்கியம். அடுத்து நான்கு கேள்விகளுக்கு 40 நிமிடம். அவர் உங்களிடம் கேட்க 10 நிமிடம். கடைசி 5 நிமிடத்தில் அடுத்து என்ன நடக்கும், எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று சொல்ல வேண்டும். நிறுவனத்தின் பெருமையைப் பேசியே 20 நிமிடத்தைக் கழிக்கும் நேர்காணல்கள் ஏராளம். நீங்கள் பேசும் நேரம் கால் பங்கைத் தாண்டக் கூடாது.

கேள்வி கேட்டு முடித்ததும் பொறுமையாக இருங்கள். நான்கைந்து நொடி மௌனம் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், ஆனால் அந்த நொடிகளில்தான் அவர் உண்மையான உதாரணத்தைத் தேடுகிறார். இடையில் புகுந்து உதவினால், உங்கள் வாயிலிருந்து வந்த பதிலே உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். "நாங்கள் செய்தோம், எங்கள் டீம் முடித்தது" என்று போனால், "அதில் உங்கள் பங்கு என்ன?" என்று கேளுங்கள். குறை சொல்கிற தொனி இருக்கக் கூடாது. நிறையப் பேர் பணிவினால்தான் "நாங்கள்" என்கிறார்கள். திருமணம், குழந்தை, வயது, மதம், ஊர் பற்றிய கேள்விகள் வேண்டாம். பல நாடுகளில் இவற்றில் சிலவற்றை வைத்துத் தேர்வு செய்வது சட்டப்படியே தவறு. சட்டம் இல்லாத இடத்திலும், அந்தப் பதில்கள் நீங்கள் எழுதி வைத்த நான்கு குணங்களில் எதையும் சொல்வதில்லை.

அவர் வெளியே போன உடனே, அடுத்த மீட்டிங்குக்கு ஓடாமல், 10 நிமிடம் உட்கார்ந்து மதிப்பெண் போடுங்கள். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் கீழே அவர் சொன்ன ஒரு வரியை எழுதுங்கள். நேர்காணலில் இருவர் மூவர் இருந்தால், எல்லோரும் தனித்தனியாக மதிப்பெண் எழுதி முடிக்கும்வரை ஒருவரோடொருவர் அதைப் பற்றிப் பேசக் கூடாது. "எப்படி இருந்தார்?" என்று நடைபாதையில் லீட் கேட்கும் ஒரு கேள்வி போதும், மற்றவர்கள் மதிப்பெண்ணை அவர் முகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ள. கூடிப் பேசும்போது அனுபவம் குறைந்தவர் முதலில் பேசட்டும், நீங்கள் கடைசியில் பேசுங்கள்.

இந்த ஒழுங்கு ஏன் தேவை என்பதற்குப் பழைய சான்று உண்டு. உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-இல், ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழ் இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை எல்லாவற்றுக்கும் தனித்தனியாகத்தான் மதிப்பெண். ஆனால் ஒன்றில் அதிகம் வாங்கியவர் எல்லாவற்றிலும் அதிகம் வாங்கியிருந்தார், நம்ப முடியாத அளவுக்கு. ஒரு நல்ல அபிப்பிராயம் மற்ற எல்லாவற்றின் மீதும் சாயம் பூசிவிடுகிறது. கம்பீரமாகக் கை குலுக்கியவர் டேட்டாவையும் ஒழுங்காகச் சுத்தம் செய்வார் என்று மனம் தானாகவே நம்பிவிடும். அதனால்தான் முழு ஆளுக்கு மதிப்பெண் போடாமல், ஒவ்வொரு பதிலுக்கும் போட வேண்டும்.

மாதிரி வேலை கொடுப்பதில் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. ஒன்று, அளவு மீறிப்போவது. வீட்டில் உட்கார்ந்து 8 மணி நேரம் செய்யும் அளவுக்குக் கொடுத்தால், ஏற்கெனவே வேலையில் இருப்பவரும் குழந்தை வளர்ப்பவரும் விலகிவிடுவார்கள். கையில் நேரம் இருப்பவர் மட்டும் மிஞ்சுவார். ஒரு மணி நேரம் சரி, இரண்டு மணி நேரம் உச்சவரம்பு. இரண்டாவது, அலுவலகத்தில் தேங்கிக் கிடக்கும் உண்மையான வேலையைத் தேர்வு என்ற பெயரில் செய்ய வைப்பது. அது நியாயமில்லை, அது வெளியே பேசப்படும். டேட்டா அனலிஸ்டுக்கு என்றால் 200 வரி உள்ள ஒரு கற்பனை விற்பனைப் பட்டியலைக் கொடுங்கள். அதில் வேண்டுமென்றே மூன்று பிழைகளைப் புதையுங்கள்: இரண்டு முறை பதிவான வரிகள், நாளும் மாதமும் இடம் மாறிய சில தேதிகள், ஒரு பூஜ்யம் கூடிப்போன ஒரு தொகை. "எந்தப் பொருளின் விற்பனை குறைகிறது? ஒரு பக்கத்தில் எழுதுங்கள்" என்று மட்டும் கேளுங்கள், பிழை இருக்கிறது என்று சொல்ல வேண்டாம். எத்தனை பிழைகளைப் பிடித்தார், பிடித்ததைச் சொன்னாரா, சொல்லாமல் தானே திருத்திக்கொண்டாரா என்பதெல்லாம் ஒரு மணி நேரப் பேச்சில் தெரியாது, இந்த ஒரு பக்கத்தில் தெரிந்துவிடும்.

முடிவு எடுக்கும்போது மொத்தக் கூட்டலை மட்டும் பார்க்காதீர்கள். "முதல் நாளே வேண்டும்" என்று குறித்த குணம் எதிலாவது 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால், மற்றவற்றில் 5 வாங்கியிருந்தாலும் வேண்டாம். வந்தவர்களில் யாருமே அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்றால் மறுபடி தேட வேண்டும். "இருப்பவர்களில் இவர் பரவாயில்லை" என்பது இடம் காலியாக இருக்கும் அழுத்தத்தில் வரும் வார்த்தை, அதை நம்பாதீர்கள். முன்பு வேலை செய்த இடத்தில் விசாரிக்கும்போதும் "ஆள் எப்படி?" என்று கேட்டால் "நல்ல ஆள்" என்றுதான் பதில் வரும். "மறுபடி வாய்ப்பு வந்தால் இவரை எந்த வேலைக்கு எடுப்பீர்கள், எந்த வேலைக்கு எடுக்க மாட்டீர்கள்?" என்று கேளுங்கள்.

சம்பள வரம்பையும் நோட்டீஸ் பீரியடையும் முதல் தொலைபேசி அழைப்பிலேயே பேசிவிடுங்கள். மூன்று சுற்று முடித்த பிறகு அது ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் இரு பக்கமும் நஷ்டம். தேர்வாகாதவர்களுக்கும் சொன்ன தேதிக்குள் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். காத்திருக்கும் மனிதருக்கு "இல்லை" என்ற பதிலைவிட மௌனம்தான் அதிகம் வலிக்கும்.

இனி, ஏற்கெனவே இருக்கும் 6 பேர். நேற்றைய நண்பர்கள் இன்று உங்களுக்குக் கீழே என்பதை மூடி மறைக்க வேண்டாம். முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து, எது மாறும், எது மாறாது என்று சொல்லிவிடுங்கள்: வேலைப் பங்கீடும் மதிப்பீடும் இனி உங்கள் பொறுப்பு, ஒருவர் தனியாகச் சொன்னதை இன்னொருவரிடம் சொல்ல மாட்டீர்கள், மதிய உணவுக்குச் சேர்ந்து போவது தொடரும். லீட் பதவிக்கு ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போனவர் ஒருவர் இருந்தால், அவரோடு முதலில் உட்காருங்கள்.

அதன்பின் வாரம் ஒருமுறை, ஒருவருக்கு 30 நிமிடம். 6 பேருக்கு 3 மணி நேரம். "அவ்வளவு நேரம் எங்கே?" என்று தோன்றும். அந்த 30 நிமிடம் இல்லாவிட்டால் அதே நேரம் வாரம் முழுக்க "ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று துண்டு துண்டாகப் போகும். இது வேலை எங்கே நிற்கிறது என்று கேட்கும் மீட்டிங் இல்லை, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். முதல் 15 நிமிடம் அவருடையது, அவர் கொண்டுவரும் விஷயம் எதுவோ அது. "எல்லாம் ஓகே" என்று முடித்துவிடுகிறவரிடம் "இந்த வாரம் எந்த வேலை நினைத்ததைவிட அதிக நேரம் எடுத்தது?" என்று கேட்டுப் பாருங்கள், வாசல் திறக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு குறிப்புக் கோப்பு வையுங்கள், தேதி போட்டு மேலே மேலே சேர்த்துக்கொண்டே போகலாம். நேரம் ஒத்துவரவில்லை என்றால் வேறு நாளுக்கு மாற்றுங்கள், ரத்து செய்யாதீர்கள். இரண்டு முறை ரத்தானால், தான் முக்கியமில்லை என்று அவர் முடிவு கட்டிவிடுவார்.

வேலையை ஒப்படைக்கும்போது ஐந்து விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: முடிந்த வேலை எப்படி இருக்கும், எப்போது வேண்டும், எதற்காக வேண்டும், எந்த முடிவுகளை அவரே எடுக்கலாம், நடுவில் எப்போது பார்ப்பீர்கள். "வாடிக்கையாளர் புகார்களை ஒரு அனாலிசிஸ் பண்ணிக் கொடுங்க" என்று சொன்னால், ஒருவர் 3 வரி மெயில் அனுப்புவார், இன்னொருவர் 40 ஸ்லைடு போடுவார், இருவரிடமும் தவறு இல்லை. "கடந்த மூன்று மாதப் புகார்களை வகைப்படுத்தி, அதிகம் வரும் ஐந்தை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எதை முதலில் சரிசெய்வது என்று தீர்மானிக்க இது வேண்டும். வகைகளை நீங்களே முடிவு செய்யலாம், வேறு பிரிவிடம் டேட்டா கேட்பதாக இருந்தால் மட்டும் என்னிடம் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டும், செவ்வாய் மாலை வகைப்பட்டியலை மட்டும் சேர்ந்து பார்ப்போம்." சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், புரியாவிட்டாலும் தலையாட்டுவார்கள். "எதிலிருந்து தொடங்குவீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் முதல் வாக்கியத்திலேயே புரிந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

நடுவில் பார்ப்பது கால் பங்கு முடிந்த கட்டத்தில் இருக்கட்டும். தொண்ணூறு சதவீதம் முடிந்த பிறகு பார்த்தால், திசை தவறியிருந்தாலும் திருப்ப நேரம் இருக்காது. அப்போது லீட்கள் வழக்கமாக இரவோடு இரவாகத் தாங்களே திருத்தி எழுதிவிடுகிறார்கள். அடுத்த முறை அந்த ஊழியர் பாதி வேலையோடு நிறுத்திக்கொள்வார், எப்படியும் நீங்கள் மாற்றப் போகிறீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

தேதி சொல்லும்போது மனிதர்கள் குறைத்தே சொல்வார்கள், அதில் நேர்மைக் குறைவு எதுவும் இல்லை. 1994-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், ஆய்வேட்டை எழுதி முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரிக் கணிப்பு 33.9 நாள். எல்லாமே மோசமாகப் போனால் என்று கேட்டபோது 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். மோசமான கணிப்பையும் தாண்டிவிட்டது! அதனால் "எத்தனை நாள் ஆகும்?" என்று மட்டும் கேட்காமல், "கடைசியாக இதே மாதிரி வேலைக்கு எத்தனை நாள் ஆனது?" என்றும் கேட்டு, இரண்டாவது பதிலை வைத்துத் திட்டம் போடுங்கள்.

குறை சொல்ல வேண்டிய நேரத்தைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்படுவது தெரிகிறது. கவலை நியாயமானதுதான். 1996-இல் க்ளூகர், டெனிசி இருவரும் ஃபீட்பேக் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சராசரியில் பயன் இருந்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேர்வுகளில் ஃபீட்பேக்குக்குப் பிறகு செயல்பாடு குறைந்திருந்தது. அவர்கள் தந்த விளக்கம், கவனம் வேலையை விட்டு "நான் எப்படிப்பட்டவன்" என்பதை நோக்கித் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது. "உங்களிடம் பொறுப்பு இல்லை" என்று சொன்னால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். இதையே இப்படிச் சொல்லலாம்: "நேற்று அனுப்பிய அறிக்கையில் இரண்டாம் அட்டவணையின் கூட்டல் தவறாக இருந்தது. விற்பனைப் பிரிவு அதை வைத்துத் திட்டம் போட்டுவிட்டது, இன்று மறுபடி போட வேண்டியதாயிற்று. எப்படி நடந்தது?" எங்கே, என்ன, அதனால் என்ன ஆயிற்று. பிறகு கேள்வி. கேட்டுவிட்டு உண்மையாகவே காது கொடுங்கள், உங்களுக்குத் தெரியாத காரணம் அடிக்கடி இருக்கும். கடைசியில் அடுத்த முறைக்கு ஒரே ஒரு மாற்றத்தை அவர் வாயால் சொல்ல வையுங்கள்.

இதைத் தனியாக, இரண்டு நாளுக்குள் சொல்ல வேண்டும். ஆறு மாதம் சேர்த்து வைத்து வருட மதிப்பீட்டில் கொட்டினால், "அன்றே சொல்லியிருக்கலாமே" என்ற ஒரு கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. பாராட்டு, குறை, பாராட்டு என்று பொதிந்து கொடுக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிலர் குறையைக் கேட்காமலே போவார்கள், மற்றவர்கள் இனி நீங்கள் பாராட்டத் தொடங்கும்போதெல்லாம் அடுத்து என்ன அடி விழும் என்று காத்திருப்பார்கள். பாராட்டைத் தனியாக, இதே அளவு குறிப்பாகச் சொல்லுங்கள். "சூப்பர்" என்பதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. "வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே தாமதத்தைச் சொல்லிவிட்டீர்கள், அதனால் அவர் கோபப்படவில்லை" என்றால் அவர் அதை மறுபடியும் செய்வார்.

மேலிடத்தில் பேசுவதற்கு வருவோம். பவர்பாயின்ட்டைத் திறக்கும் முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "இந்த 20 நிமிடம் முடிந்ததும், ______ என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டும்." அதை நிரப்ப முடியவில்லை என்றால் ஸ்லைடு போட இன்னும் நேரம் வரவில்லை. நிரப்ப முடிந்தால், அந்த வாக்கியமே உங்கள் முதல் ஸ்லைடு. எதைக் கேட்கிறீர்கள், எவ்வளவு செலவு, அதனால் என்ன மிச்சம், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். பின்னணியெல்லாம் பிறகு. கடைசியில் திரைச்சீலை விலக்குவதுபோல் கோரிக்கையை வைக்கலாம் என்று நினைப்பவர்கள், 15-ஆவது நிமிடத்தில் மேலதிகாரி எழுந்து போவதைப் பார்க்க நேரிடும்.

ஸ்லைடின் தலைப்பும் வரிசையும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு, கொலம்பியா விண்வெளி ஓடத்தின் விபத்தைவிடக் கனமான சான்று கிடையாது. 2003 ஜனவரி 16-ஆம் தேதி ஏவும்போது, எரிபொருள் தொட்டியிலிருந்து உடைந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. ஓடம் வானில் இருக்கும்போதே பொறியாளர்கள் சேதத்தைக் கணித்து ஸ்லைடுகளாக நாசாவுக்குக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே இருக்கின்றன என்ற எண்ணத்தைத் தந்தது. அதே ஸ்லைடின் அடியில், சிறிய எழுத்தில், மோதிய துண்டின் கன அளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம் என்று இருந்தது. 640 மடங்கு. அதாவது, அந்தச் சோதனைகளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதே உண்மையான செய்தி. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது ஓடம் சிதைந்து, 7 பேரும் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் ஸ்லைடு இல்லை. ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த விசாரணை அறிக்கை இந்த ஒரு ஸ்லைடைத் தனியாக எடுத்து ஆராய்ந்து, இதைப் படிக்கும் மேலதிகாரி உயிருக்கு ஆபத்தான விஷயம் இது என்று உணராமல் போவது சாத்தியமே என்று குறிப்பிட்டது.

உங்கள் விஷயத்தில் உயிர் பணயம் இல்லை, ஆனாலும் விதி அதேதான். தலைப்பில் "விற்பனை நிலவரம்" என்று போடாதீர்கள். "அறிக்கை தயாரிக்க மாதம் 5 நாள் போகிறது, அதில் 3 நாள் கையால் ஒட்டும் வேலை" என்று முழு வாக்கியமாகப் போடுங்கள். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் வாதம் முழுதும் புரிய வேண்டும். முக்கியமான எண் மேலே, பெரிதாக. உங்களுக்குப் பாதகமான எண்ணையும் நீங்களே மேலே போடுங்கள். அவர்கள் கண்டுபிடித்தால் அதன்பின் மற்ற எண்கள் எதையும் நம்ப மாட்டார்கள். எந்த எண்ணும் தனியாக நிற்கக் கூடாது: "40 மணி நேரம் மிச்சம்" என்றால் எத்தனை மணி நேரத்தில், மாதத்துக்கா வருடத்துக்கா?

20 நிமிடம் கொடுத்தால் 12 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள், மீதி கேள்விகளுக்கு. அதற்கு 6 அல்லது 7 ஸ்லைடு போதும். எழுத்து 24 புள்ளிக்குக் கீழே போனால் கடைசி வரிசைக்குத் தெரியாது. விவரங்களை ஒரு பக்கத் தாளில் எழுதி முந்தின நாளே அனுப்பிவிடலாம். வாய்விட்டு, நின்றுகொண்டு, கடிகாரத்தை வைத்து மூன்று முறை பேசிப் பாருங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது, மனதில் எல்லாம் வேகமாக ஓடும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடம், நடுவில் சொந்த வார்த்தையில் பேசுங்கள். முழுவதும் மனப்பாடம் செய்தவர் ஒரு வார்த்தை மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். "5 நிமிடத்தில் முடியுங்கள்" என்று அங்கே போன பிறகு சொன்னால் எந்த இரண்டு ஸ்லைடை மட்டும் காட்டுவீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். இது அடிக்கடி நடக்கும்.

இதையெல்லாம்விடப் பலன் தருவது ஒன்று உண்டு: மீட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பே, முடிவெடுக்கும் இருவர் மூவரைத் தனித்தனியாக 15 நிமிடம் பார்த்து, அந்த ஒரு பக்கத்தைக் காட்டி, "இதில் உங்களுக்கு எது உறுத்துகிறது?" என்று கேளுங்கள். நிதிப் பிரிவுக்காரர் இரண்டாம் வருடக் கட்டணத்தைக் கேட்பார், தொழில்நுட்பப் பிரிவுக்காரர் டேட்டா எங்கே சேமிக்கப்படுகிறது என்பார். அந்தப் பதில்களைத் தேடிக் கூடுதல் ஸ்லைடுகளாகப் பின்னால் வையுங்கள். எல்லோர் முன்னிலையிலும் முதன்முறையாக ஒரு விஷயத்தைக் கேட்கிறவர், பாதுகாப்பாக "இல்லை" என்பதையே சொல்வார்.

பதில் தெரியாத கேள்வி வந்தால், "இப்போது என்னிடம் அந்த எண் இல்லை, வியாழக்கிழமை மாலைக்குள் அனுப்புகிறேன்" என்று சொல்லி எல்லோரும் பார்க்கக் குறித்துக்கொள்ளுங்கள், புதனன்றே அனுப்பிவிடுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்று முடித்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். "எந்தத் தகவல் கிடைத்தால் உங்களால் முடிவு சொல்ல முடியும்?" என்று அங்கேயே கேளுங்கள். அவர்கள் சொல்வதை, யார், எப்போது என்ற விவரத்தோடு அன்று மாலைக்குள் எல்லோருக்கும் ஐந்து வரி மெயிலாக அனுப்பி, அடுத்த தேதியையும் அதிலேயே போட்டுவிடுங்கள்.